ஏரிச் சேற்றிலிருந்து எழும் குமிழி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சேலம் கன்னங்குறிச்சியிலுள்ள மூக்கனேரியின் ஓரத்தில் ஒரு மூங்கில் கழியைச் சேற்றில் ஊன்றி அசைத்தால், குபுகுபுவென்று குமிழிகள் எழும்பும். ஏரிச் சேற்றுக் குமிழிகளில் பெரும்பாலும் இருப்பது மீத்தேன் என்னும் எரிவாயு. 1776-இல் இத்தாலிய அறிவியலாளர் வோல்டா இத்தாலிய ஏரியொன்றின் சேற்றைக் கிளறிக் குடுவையில் பிடித்ததும் இதே வாயுதான். சேர்வராயன் மலையில் காப்பிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள் காற்றிலிருந்து எடுத்த கரிமம் (கார்பன்), சருகாகி, மழைநீரோடு ஓடையில் இறங்கி, அடிவார ஏரிகளுக்கு வந்து சேர்கிறது. அது மீண்டும் காற்றில் கலக்குமா, மீனுக்கு இரையாகுமா, வண்டலில் புதையுமா என்பது நீரிலுள்ள நுண்ணுயிர்களுக்கு இடையிலான கொடுக்கல் வாங்கலைப் பொறுத்தது.

ஒரு மில்லிலிட்டர் ஏரிநீரில் சுமார் பத்து இலட்சம் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. வைரஸ்களோ அவற்றைப் போலப் பத்து மடங்கு. பாசி கசியவிடும் சர்க்கரையைப் பாக்டீரியா உண்கிறது. பாசிகளுள் பலவற்றுக்கு வேண்டிய பி12 வைட்டமினைச் சில பாக்டீரியாக்கள் தருகின்றன. வைரஸ் தாக்கி ஒரு பாக்டீரியா வெடித்தால், அதன் உடற்கரிமம் அதைத் தின்னும் பெரிய உயிர்களுக்கு இரையாகாமல் நீரிலேயே கரைந்து, அடுத்த பாக்டீரியாவுக்கு உணவாகி, மூச்சில் கரியமில வாயுவாக வெளியேறுகிறது.

சேற்றுக்குள் நடப்பதுதான் என்னை ஆண்டுக்கணக்கில் கட்டிப்போட்டது. ஆக்சிஜன் இல்லாத அவ்விடத்தில் ஒரு கூட்டம் சருகைச் சிதைத்து அமிலங்களாக்க, அடுத்த கூட்டம் அவற்றை உடைத்து ஹைட்ரஜனை விடுகிறது. அந்த ஹைட்ரஜன் தேங்கினால் இந்த இரண்டாம் கூட்டத்தின் பிழைப்பே நின்றுவிடும். மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா என்னும், பாக்டீரியாவிலிருந்து வேறுபட்ட நுண்ணுயிர்கள் அந்த ஹைட்ரஜனை உடனுக்குடன் எடுத்துக்கொள்வதால்தான் இரண்டும் வாழ்கின்றன. தனித்தனியே ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பார்த்தால் இவ்வுறவு கண்ணில் படாது. கனமான கார்பன்-13 கலந்த உணவைக் கொடுத்து, அது எந்த நுண்ணுயிரின் உடலில் போய்ச் சேர்கிறது என்று தொடர்ந்தால் தெரியவரும்.

சேற்றின் மேற்பரப்பில், ஆக்சிஜன் எட்டும் மெல்லிய அடுக்கில், மீத்தேனையே உண்ணும் பாக்டீரியாக்கள் காவல் நிற்கின்றன. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயுவை அவை வழியிலேயே மறிக்கின்றன. ஏரியில் சாக்கடை கலந்தால் ஆக்சிஜன் குறையும். அந்தக் காவலும் தளரும். நிலத்திலிருந்து ஆண்டுதோறும் உலக நன்னீர்நிலைகளை அடையும் கரிமம் சுமார் 190 கோடி டன் என்றும், அதில் குறைந்தது 80 கோடி டன் காற்றுக்குத் திரும்புகிறது என்றும் 2007-இல் கணக்கிட்டார்கள்.

சேலத்து மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஏரியில் ஆக்சிஜனை அளப்பவர்கள் நண்பகலோடு நிறுத்திவிடாதீர்கள். இரவெல்லாம் எல்லா உயிரும் மூச்சுவிட்டு, பாசி இன்னும் வேலை தொடங்காத விடியற்காலையில்தான் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும்; குப்பியைக் காற்றுக்குமிழி இல்லாமல் ததும்ப நிரப்பி, அந்நேரத்து நீரையும் எடுத்து வாருங்கள்.