மணப்பாட்டுப் பாறையை வினிகரில் போட்டேன், என்ன ஆச்சு பாருங்கள்

மக்களே, வணக்கம். மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், மணப்பாட்டு மேட்டில் காற்று அடிக்காத நேரம் என்று ஒன்று கிடையாது. பின்னால் தெரிவது திருச்சிலுவைக் கோயில், கீழே இறங்கினால் சவேரியார் குகை. அதையெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் வீடியோ போட்டாயிற்று, நான் வந்தது காலுக்குக் கீழே இருக்கும் பாறைக்காக.

இந்த டம்ளரைக் கிட்டத்தில் காட்டுகிறேன். போன வாரம் வந்தபோது அலையில் பெயர்ந்து கிடந்த நகத்தளவு சில்லு ஒன்றை எடுத்துப்போய் (நான் உடைக்கவில்லை, கமெண்டில் திட்ட வராதீர்கள்) வினிகரில் போட்டேன். போட்டதுமே சோடா மாதிரி பொங்கியது. ராத்திரி ஒருமுறை வினிகரை மாற்றினேன், அவ்வளவுதான், காலையில் கல்லைக் காணோம். அடியில் கொஞ்சம் மணல், விரலில் எடுத்தால் நறநறவென்கிறது.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொன்னது என்ன? மேலே மேலே படிந்து, பாரம் அழுத்தி, படிவுப் பாறை ஆகும் என்று. பாதிதான் சரி. களிமண்ணுக்கு அது பொருந்தும், ஏனென்றால் புதிதாகப் படிந்த சேற்றில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், அதைப் பிழிந்தாலே இறுகிவிடும். மணல் அப்படி இல்லை. மணிகளுக்கு நடுவே சுமார் 40 சதவீதம் வெற்றிடம், எவ்வளவு அழுத்தினாலும் மணி நெருங்குமே தவிர ஒட்டாது. ஒட்டப் பசை வேண்டும்.

இங்கே பசை சுண்ணாம்பு, அதாவது கால்சைட் என்ற கனிமம், வினிகர் கரைத்தது அதைத்தான். அது சிப்பியிலிருந்து வந்தது. சிப்பி ஓட்டில் பெரும்பாலும் அரகோனைட் என்ற கனிமம், கால்சைட்டும் அதே சரக்குதான், அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு. அரகோனைட் நிலையில்லாதது. மழைத்தண்ணீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசாகப் புளித்துப்போய் உள்ளே இறங்கும், சிப்பியைக் கரைக்கும், கொஞ்சம் தள்ளி மணிகளின் இடுக்கில் அதையே கால்சைட்டாகப் படிய வைக்கும். பக்கத்து உடன்குடிப் பக்கம் பனங்கற்கண்டு போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: காய்ச்சிய பாகைப் பானையில் ஊற்றி, நூலைத் தொங்கவிட்டு அசைக்காமல் வைத்தால், நூலைப் பிடித்துக்கொண்டு கற்கண்டு வளருமே, அதே கதை. நூலுக்குப் பதில் இங்கே மணல்மணி.

இந்தப் பாறை ஆழத்துக்கே போகவில்லை, மழையே வேலையை முடித்துவிட்டது. ஆழத்தில் நடப்பது வேறு. அதோ அந்த மன்னார் வளைகுடாவுக்கு அடியில் பல கிலோமீட்டர் கனத்துக்குப் படிவு கிடக்கிறது, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 25, 30 டிகிரி என்று சூடு ஏறும். அங்கே களிமண்ணே குணம் மாறும். கோவில்பட்டிக் கரிசல் மழையில் ஊதி, கோடையில் வெடிக்கிறதே, அதற்குக் காரணம் ஸ்மெக்டைட் என்ற களிமண் கனிமம், அது தன் ஏடுகளுக்கு நடுவே தண்ணீரைப் பிடித்துவைக்கும். அதையே இரண்டு மூன்று கிலோமீட்டர் புதைத்தால், 60 முதல் 100 டிகிரி வாக்கில், தண்ணீரைக் கக்கிவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்திடம் பொட்டாசியம் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ‘இல்லைட்’ என்ற வேறொரு களிமண் கனிமமாக மாறும். அப்புறம் ஊதாது. மாறும்போது அது விடுகிற சிலிக்கா பக்கத்து மணலுக்குப் பசையாகவும் போகலாம். சிலிக்காப் பசை என்றால் என் வினிகர் வருடக்கணக்கில் இருந்தாலும் ஒன்றும் நடக்காது.

திருநெல்வேலி பக்கத்துத் தாழையூத்துச் சுண்ணாம்புக்கல்லைக் கேட்பீர்கள். அது இன்னும் தூரம் போய்விட்ட கேஸ், சூட்டில் முழுக்கப் படிகமாகி உருமாறிய பாறை, சிப்பியைத் தேடினாலும் கிடைக்காது. அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

இன்னொன்று, இதே டம்ளர் வேலையைச் சாத்தான்குளம் பக்கத்துத் தேரி என்ற செம்மணல் மேட்டு மணலிலும் செய்து பார்த்தேன். நுரையே இல்லை, இரண்டு நாள் ஊறியும் சிவப்பு போகவில்லை. அங்கே ஒட்டியிருப்பது சுண்ணாம்பு அல்ல, இரும்பு ஆக்சைடு, அதுவும் மணிக்கு மணி மெல்லிய பூச்சுதான், நடுவில் இருக்கும் ஓட்டையை அது நிரப்பவில்லை. நிரப்பியிருந்தால் என் பைக் பாதிச் சக்கரம் வரை புதைந்திருக்காது, தள்ள மூன்று பேரைக் கூப்பிட வேண்டியும் வந்திருக்காது.