எத்தனை கிலோவாட் என்று கேட்பவர்களுக்கு

வணக்கம், நேயர்களே. புதிய கார் வாங்கிய குடும்பத்தார் அதை டர்பன் உம்கேனி சாலைக் கோவில் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அர்ச்சகர் கற்பூரம் காட்டி, சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்; வண்டி மெல்ல உருளும், பழம் நசுங்கும். அந்தச் சாறு காய்வதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு மாமா, "தம்பி, எத்தனை கிலோவாட்?" என்று எஞ்சினின் வலுவைக் கேட்டுவிடுவார். தம்பியும் மார்பை நிமிர்த்திக்கொண்டு எண்ணைச் சொல்வார். பழம் நசுங்கிய இடத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் தொழிலிலேயே தலை நரைத்தவன் நான்; ஆகவே அந்த இடத்தைப் பற்றிப் பேசுவதற்காகவே இன்று வந்திருக்கிறேன்.

டயர் தரையைத் தொடும் அந்தப் பரப்பு உங்கள் உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஒரு காருக்கு அப்படி நான்கு. எஞ்சின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதன் வலு முழுவதும் அந்த வழியாகத்தான் சாலைக்கு இறங்க வேண்டும். பிரேக் பிடித்தாலும் அதே வழி, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் அதே வழி. டயருக்கு இருக்கும் பிடிப்பு ஒரு குறிப்பிட்ட அளவுதான் என்பதையும், அதை முடுக்கத்துக்கும் நிறுத்தத்துக்கும் திரும்புதலுக்கும் பங்கிட்டுத்தான் செலவழிக்க முடியும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டால், நான் இனிச் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கு இப்போதே விளங்கிவிடும்.

கார்ப் பிரியர்களிடையே இரண்டு கட்சிகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். நேர்சாலையில் யார் முந்துகிறார்கள் என்பதே கணக்கு என்பது ஒரு கட்சி. வளைவில் வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதே கணக்கு என்பது மறு கட்சி. நான் மறு கட்சிக்காரன். இருந்தாலும் முதல் கட்சிக்காரர்களை ஏளனம் செய்ய எனக்கு விருப்பமில்லை, ஏனெனில் அவர்களுடைய ஆசைக்கு நம் மண்ணில் ஒரு வரலாறு இருக்கிறது. நிறவெறி ஆட்சியின் குழுப் பகுதிச் சட்டத்தின் கீழ் நம்மவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் பெயர்த்து அனுப்பிய காலத்தில், பந்தயத்தளம் என்பது நம் இளைஞர்களுக்கு எட்டாத இடம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ராய் ஹெஸ்கெத் தளம் 1953 முதல் 1981 வரை இருந்தது. அங்கே ஓட்டியவர்களில் நம்மவர்களைத் தேடத்தான் வேண்டும். ஆனால் ரோபோ, அதாவது போக்குவரத்து விளக்கு, ஒவ்வொரு சந்திப்பிலும் இருந்தது. விளக்கு பச்சையானால் அதுவே தொடக்கக்கோடு. அடுத்த ரோபோ முடிவுக்கோடு. நுழைவுச்சீட்டும் வேண்டியதில்லை, நடுவரும் வேண்டியதில்லை, வென்றவன் யார் என்பதில் வாக்குவாதமும் இல்லை. சட்டவிரோதம், ஆபத்து, அதை ஒருநாளும் செய்யாதீர்கள். ஆனால் நேர்கோட்டு வேகத்தின் மீது நம் தெருக்களுக்கு இருக்கும் காதல் எங்கே பிறந்தது என்று கேட்டால், பெரும்பகுதி அங்கேதான் பிறந்தது என்று நான் நினைக்கிறேன்.

இந்த நாட்டின் கார் தொழிலும் அந்தக் காதலுக்கு எண்ணெய் ஊற்றியே வளர்த்தது. 1973இல், சிறிய செவ்ரோலெட் ஃபிரென்சா உடலுக்குள் ஐந்து லிட்டர் வி-8 எஞ்சினைத் திணித்து, கேன்-ஆம் என்ற பெயரில் 100 வண்டிகள் செய்தார்கள். எண்பதுகளில் ஃபோர்டு சியெரா எக்ஸ்ஆர்-8 வந்தது. அதுவும் ஐந்து லிட்டர் வி-8, பந்தயத்தில் சேர இத்தனை வண்டிகளாவது செய்திருக்க வேண்டும் என்ற விதிக்காகச் செய்யப்பட்ட 250 வண்டிகள் மட்டும். பிஎம்டபிள்யூ ரோஸ்லின் தொழிற்சாலையில் 3.2 லிட்டர் எஞ்சினைச் சிறிய 3-சீரீஸ் உடலில் பொருத்தி 333ஐ என்ற வண்டியைச் செய்தார்கள். உலகத்தில் வேறெங்கும் விற்காத வண்டிகள் இவை. சிறிய உடலில் பெரிய எஞ்சின் என்பது நம் நாட்டுக்கே உரிய சமையல் முறை. ஆனால் முன்சக்கரங்களின் மேல் அத்தனை இரும்பை ஏற்றிய பிறகு வளைவில் மூக்கு வெளியே தள்ளிக்கொண்டு போகும் என்பதை விளம்பரத்தில் யாரும் எழுத மாட்டார்கள்.

கிலோவாட் எண்ணை நம்புகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. ஜோகானஸ்பர்க் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெல்லியது; டர்போ இல்லாத எஞ்சின் மூச்சிழுக்கும்போது கிடைக்கும் பிராணவாயு குறைவு. ஆகவே டர்பனில் 100 கிலோவாட் தரும் எஞ்சின், வான் ரீனன் கணவாய் ஏறிப் போய்ச் சேர்ந்ததும் 83 அளவில்தான் தருகிறது. கல்யாணத்துக்காக மேலே போன நம் பிள்ளைகள், அங்கிருக்கும் உறவினரின் டர்போ வண்டியிடம் தோற்றுவிட்டுத் தலை குனிந்து திரும்பியதற்குக் காரணம் இதுதான். டர்போ, மெல்லிய காற்றையும் அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளிவிடும். ஃபார்முலா ஒன்னில் ரெனோவின் டர்போ கார் முதன்முதலாக முன்னணித் தொடக்க இடத்தைப் பிடித்தது 1979இல் ஜோகானஸ்பர்க் அருகேயுள்ள கியாலாமி தளத்தில் என்பதும், அடுத்த ஆண்டு அதே தளத்தில் ரெனே ஆர்னூ ரெனோவில் வென்றார் என்பதும் தற்செயல் அல்ல. மலை ஏறினால் குறைந்து, கடற்கரைக்கு இறங்கினால் கூடும் ஓர் எண்ணைத்தான் நாம் நெற்றியில் எழுதிக்கொள்கிறோம். நல்ல ஸ்பிரிங்கும் நல்ல டயரும் ஜோகானஸ்பர்க்கிலும் டர்பனிலும் ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த மனிதரிடம் வருகிறேன். இவரைப் பற்றித் தொடங்கினால் நான் நிறுத்துவதில்லை என்று வீட்டில் சொல்வார்கள். இருந்தாலும் சொல்லியாக வேண்டும். உலகத்தின் மிகச் சிறந்த கார் வடிவமைப்பாளர்களுள் ஒருவர் நம் டர்பனில் பிறந்தவர். கோர்டன் மர்ரே, பிறப்பு 1946. நேட்டால் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்தவர். கையில் காசு இல்லாத அந்த இளைஞர், ஃபோர்டு எஞ்சினை எடுத்துக்கொண்டு, ஐஜிஎம் ஃபோர்டு என்று தன் பெயரின் முதலெழுத்துகளைச் சூட்டி, சொந்தமாக ஒரு பந்தயக் காரைக் கட்டி, 1967இலும் 1968இலும் இங்கேயே ஓட்டினார். பெரிய எஞ்சின் வாங்க வசதியில்லாதவன் என்ன செய்வான்? எடையைக் குறைப்பான். 1969இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய மர்ரே, அந்தப் பாடத்தைத் தன்னோடு எடுத்துச் சென்றதாகவே நான் எண்ணுகிறேன்.

ஃபார்முலா ஒன்னில் பிரபாம் அணிக்காக அவர் 1978இல் செய்த காரின் பின்புறத்தில் ஒரு பெரிய விசிறி இருந்தது. எஞ்சினைக் குளிர்விக்கத்தான் என்றார்கள். உண்மையில் அது காரின் அடியிலிருந்த காற்றை உறிஞ்சி, வண்டியைத் தரையோடு அழுத்தியது. கவனியுங்கள், அந்த விசிறி ஒரு கிலோவாட்கூட வலுவைக் கூட்டவில்லை. பழம் நசுங்கும் அந்த இடத்தின் பிடிப்பைத்தான் கூட்டியது. நிக்கி லாவ்டா அந்தக் காரில் ஸ்வீடன் பந்தயத்தை வென்றார். மற்ற அணிகள் கூச்சலிட்டன. அந்த ஒரே பந்தயத்தோடு காரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

பிறகு அவர் மக்லாரன் எஃப்-1 காரைச் செய்தார். 1998இல் அது மணிக்கு 386 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. பார்த்தீர்களா, கடைசியில் அவரும் நேர்கோட்டு வேகத்துக்குத்தானே வந்தார் என்று எதிர்க்கட்சி நண்பர்கள் என்னை மடக்குவது வழக்கம். அந்தக் காரின் எடையைக் கேளுங்கள் என்பேன்: 1,138 கிலோ. இன்றைய நடுத்தரக் குடும்பக் கார்கள் பலவற்றின் எடை அதைவிட அதிகம். டர்போ கிடையாது, பவர் ஸ்டியரிங் கிடையாது, ஓட்டுநர் நடுவில் உட்கார்வார். அந்தக் காரை உருவாக்கும்போது, சாலையில் வண்டி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அவர் அளவுகோலாக வைத்துக்கொண்டது எந்த அசுரக் காரையும் அல்ல, ஹோண்டா என்எஸ்எக்ஸை. அதன் வலு ஏறத்தாழ 200 கிலோவாட். மர்ரே தன் காருக்குத் தேர்ந்தெடுத்த எஞ்சினின் வலுவோ 460. தன் எஞ்சினில் பாதி வலுகூட இல்லாத வண்டியைக் கண்டு, இதைப் போல நடக்கவேண்டும் என்று சொன்ன மனிதர் அவர். பின்னாளில் டி-50 என்ற காரைச் செய்தபோது எடையை ஆயிரம் கிலோவுக்கும் கீழே கொண்டுவந்தார். விசிறியும் பின்புறம் திரும்ப வந்தது. டர்பன்காரர்கள் நாம் இந்த மனிதரின் பெயரை நம் பிள்ளைகளிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்?

நேரம் ஓடுகிறது, எனவே சூப்பர் பாஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம் நாட்டில், கடையில் விற்கும் வண்டிகளை அதிகம் மாற்றாமல் ஓட்டும் குரூப் என் பந்தயங்களில், இரண்டு லிட்டர் ஓப்பல் கடெட் சூப்பர் பாஸ், தன்னைவிடப் பெரிய எஞ்சின் கொண்ட பிஎம்டபிள்யூ 325ஐஎஸ் வண்டியைத் திணறடித்தது. பிஎம்டபிள்யூ எஞ்சினை 2.7 லிட்டராகப் பெரிதாக்கித்தான் பதில் சொல்ல முடிந்தது. அந்தச் சண்டையைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்றும் எங்கள் பகுதியில் எந்த விருந்திலும் இரண்டு பக்கமாகப் பிரிந்துதான் உட்கார்வார்கள்.

இனி என் பட்டறைக்கு வாருங்கள். சிட்டி கோல்ஃப் வண்டியைக் கொண்டுவருவார் ஒரு தம்பி. புதிய புகைக்குழாய், புதிய எஞ்சின் மென்பொருள், பதினேழு அங்குலச் சக்கரங்கள். ஆனால் வண்டியைத் தாழ்த்துவதற்காக ஸ்பிரிங்கின் ஒரு சுற்றை அறுத்து எறிந்திருப்பார். நான் எதையும் கேட்பதற்கு முன்னால் குனிந்து, டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளே தடவுவேன். பிறகு உள்ளிருந்து வெளியே தடவுவேன். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் ரம்பப்பல் போலக் கையைக் கீறுவதாகவும் இருந்தால், சக்கரங்கள் நேராக உருளாமல் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே ஓடுகின்றன என்று பொருள். உட்புற விளிம்பைப் பார்த்தால் கம்பி தெரியும். வெளிப்புறம் புதிதாக மின்னும். ஸ்பிரிங்கை அறுத்ததும் சக்கரத்தின் சாய்வும் கோணமும் மாறிவிடுகின்றன; ஷாக் அப்சார்பருக்கு அசைய இடம் இல்லாமல் போகிறது; சாலையில் ஒரு மேடு வந்தால் சஸ்பென்ஷன் ரப்பர்த் தடுப்பில் போய் இடிக்கிறது; இடித்த அந்த நொடியில் டயருக்குப் பிடிப்பு இல்லை. பார்ப்பதற்குப் பந்தய வண்டி, வளைவில் அது தள்ளுவண்டி. கூடுதல் கிலோவாட்டுக்காகச் செலவழித்த ரான்டில் பாதியை நல்ல டயர்களுக்கும் ஷாக்குகளுக்கும் கொடுத்திருந்தால், அதே தம்பி அதே வண்டியை வேறொரு வண்டியாக உணர்ந்திருப்பார்.

நம்பிக்கை வராதவர்கள், அவசரம் இல்லாத ஒரு காலை நேரத்தில், டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு என்-3 நெடுஞ்சாலையை விட்டுப் பழைய பிரதான சாலையில் போய்ப் பாருங்கள். காம்ரேட்ஸ் மாரத்தான் ஓட்டக்காரர்கள் மூச்சிரைக்க ஓடும் அதே சாலைதான். போத்தாஸ் ஹில், இன்சாங்கா என்று ஏறியும் இறங்கியும் திரும்பியும் போகும். சட்டம் சொல்லும் வேகத்துக்குள்ளேயே ஓட்டினாலும், வளைவுக்கு முன்னால் பிரேக்கை மெல்ல விட்டு, வண்டியின் எடை முன்சக்கரங்களில் அமர்வதை உணர்ந்து, ஸ்டியரிங்கை ஒரே சீராகத் திருப்பும்போது, சாலையின் சொரசொரப்பு உங்கள் விரல்களுக்கு வந்து சேரும். நேர்சாலையில் அந்த உணர்வு கிடைக்காது. நம் நெடுஞ்சாலையில் சட்டம் அனுமதிக்கும் உச்சம் 120 கிலோமீட்டர். அதை இன்று ஒரு சாதாரணக் காரும் தொட்டுவிடுகிறது, எனவே 300 கிலோவாட் வைத்திருப்பவர் அவற்றில் பெரும்பகுதியை நாள் முழுவதும் சும்மாதான் சுமந்து செல்கிறார். வேகம் இரட்டிப்பானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் அந்த மாமாவிடம் யாராவது சொல்லிவிடுங்கள்.

மின்சாரக் கார்களைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிகழ்ச்சித் தயாரிப்பாளர் இரண்டு விரல்களைக் காட்டுகிறார். எனவே ஒன்றிரண்டு வார்த்தைகள்தாம். மின்மோட்டார் தொட்டவுடன் முழு முறுக்குவிசை தருவதால், நேர்கோட்டில் முந்துவது இனி யாருக்கும் பெருமையாக இராது. மின்கலம் தரையில் கிடப்பதால் வண்டியின் ஈர்ப்பு மையம் தாழ்வாக இருக்கும், அது நல்லது. ஆனால் எடை மிகவும் அதிகம், அந்த எடையைத் தாங்க வேண்டியதும் அதே நான்கு உள்ளங்கைகள்தாம். மற்றதை இன்னொரு நாள், இந்த நிலையத்தார் மறுபடி அழைத்தால் பேசுகிறேன்.

பழைய கார் வாங்கப் போவதாகக் கடிதம் எழுதிய வெருலம் நேயருக்குப் பதில் சொல்லி முடித்துக்கொள்கிறேன். ஐயா, எஞ்சினைப் பிறகு பாருங்கள். முதலில் டயரின் பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3522 என்று இருந்தால் 2022ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் செய்த டயர். நான்கு டயர்களும் வெவ்வேறு நிறுவனத்துடையவையாகவோ மிகப் பழையவையாகவோ இருந்தால், அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பிறகு முன்பக்க மூலையை இரண்டு கைகளாலும் அழுத்தி விடுங்கள். வண்டி ஒரு முறை எழும்பி அடங்க வேண்டும், ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக்குகளின் ஆயுள் முடிந்தது. அலைன்மென்ட் அச்சுத்தாளைக் கேளுங்கள். விற்பவரிடம் அது இல்லாவிட்டால், பணம் கொடுப்பதற்கு முன்பே நீங்கள் ஒரு பட்டறைக்கு ஓட்டிச் சென்று எடுத்துவிடுங்கள். வணக்கம்.