ஒரு சங்கிலி அகலம்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நெடுஞ்சாலைப் பொறியாளர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி என் வேலையைக் கடினமாக்கிவிட்ட பேராசிரியர் அவர்களே, கடைசியில் இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் நண்பர்களே, வணக்கம். வரவேற்புரையில் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதி எனக்கே புதுச் செய்தி. இருந்தாலும் நன்றி.

சாலையோரப் பசுமையைப் பராமரிப்பது பற்றி இன்று வாக்கெடுப்புக்கு வரும் தீர்மானத்தை ஒட்டி, நிலம், மரம், பணம் என்று மூன்று விஷயம் பேச வந்தேன்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். வீடுகள் வருமுன் சாலைக்கு நிலம் ஒதுக்கினால் வரைபடத்தில் ஒரு கோடு போதும். வந்த பிறகு என்றால் இடிப்பு, இழப்பீடு, வழக்கு. அப்போது அகலம் போதாமல் தார்ச்சாலையையா குறைப்பார்கள்? மரத்தில்தான் கை வைப்பார்கள்.

ஒரு கதை சொல்கிறேன். 1620 வாக்கில் எட்மண்ட் கன்ட்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் நிலம் அளக்க ஒரு சங்கிலி செய்தார். நூறு கண்ணி, 66 அடி. பிற்பாடு ஆஸ்திரேலியாவில் நிலம் பிரிக்கப் போன சர்வேயர்கள் அதைத்தான் இழுத்துக்கொண்டு திரிந்தார்கள். சாலைக்கு எவ்வளவு விடுவது? பல இடங்களில் ஒரு சங்கிலி! கணக்கு சுலபம் பாருங்கள். மாட்டு வண்டிக்கு எதற்கு ஐயா 66 அடி? வண்டி நடுவில் போனது, இரண்டு பக்கமும் ஏர் படாமல் கிடந்தது. சுற்றியிருந்த புல்வெளியெல்லாம் வயலாகி, பண்ணையாகி மறைந்தது. இன்று அந்தப் பழைய புல்லையும் காட்டுப் பூவையும் பார்க்க வேண்டுமானால் பல பகுதிகளில் சாலையோரத்துக்குத்தான் போக வேண்டும். பூவைக் காப்பாற்றவா அந்தச் சர்வேயர் சங்கிலி பிடித்தார்? வெள்ளம் வருமுன் அணை போட்டது அவருக்கே தெரியாது!

சரி, சாலையோரப் புல்லை எப்போது வெட்டுவது என்ற என் பழைய பல்லவிக்கு வருகிறேன். தலைவர் சிரிக்கிறார், அவருக்குத் தெரியும். பிரிட்டனில் சாலையோரங்களில் மட்டும் 700க்கு மேற்பட்ட காட்டுச் செடி வகைகள் வளர்கின்றன. பூக்கும்போதே வெட்டினால் விதை ஏது? விதை உதிர்ந்தபின் வெட்டுங்கள். வெட்டியதை அள்ளிவிடுங்கள். அங்கேயே மக்கினால் மண்ணில் சத்து ஏறி, முரட்டுப் புல் கொழுத்துச் சின்னச் செடிகளை அமுக்கிவிடும். வளைவிலும் சந்திப்பிலும் பார்வையை மறைத்தால் உடனே வெட்டுங்கள், அதில் எனக்குத் தகராறு இல்லை. இன்னொன்று, நல்ல புல்வெளியில் குழி தோண்டி மரம் நட்டுப் படம் எடுத்துக்கொள்வதும் அழிவுதான். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

பணத்தைப் பற்றிப் பேராசிரியரே சொல்லிவிட்டார். தீர்மான நகலில் ‘சாலையோரம் பராமரிக்கப்படும்’ என்றிருக்கிறது, எப்படி என்று இல்லை. ‘விதை உதிர்ந்த பின்பே புல் வெட்டப்படும், வெட்டிய புல் அகற்றப்படும்’ என்று சேர்த்த பிறகு வாக்கெடுப்புக்கு விடும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.