சுண்ணாம்புக் கம்பம் எங்கே இருக்கிறது?

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூரின் பழைய வட்டாரங்களைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுங்கள் என்று வானொலியிலிருந்து கூப்பிட்டபோது, நான் வரலாறு படித்தவன் இல்லையே, கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் ஆயிற்றே என்றேன். அதனால்தான் கூப்பிடுகிறோம் என்றார்கள். சரி, தப்பு என்னுடையது இல்லை.

இந்த ஊரில் எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் ஆட்டிறைச்சி, வெள்ளிக்கிழமை கோயில், தீபாவளிக்கு முந்தின வாரம் சிராங்கூன் சாலையில் இடிபடுவது, என் சிங்கப்பூர் வரலாறு அவ்வளவுதான். போன வருடம் திருவாரூரிலிருந்து அக்கா மகள் வந்திருந்தாள். வந்த மறுநாளே, "மாமா, ஒரு நடைச் சுற்றுலாவுக்கு ரெண்டு டிக்கெட் போட்டிருக்கேன், நீங்களும் வாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் இருக்கும் ஊரை எனக்கே காசு கொடுத்து ஒருவர் சுற்றிக்காட்ட வேண்டுமா என்று கேட்டேன். பேசாமல் வாங்க என்றாள், போனேன்.

காலை ஒன்பது மணி, தெலுக் ஆயர் எம்ஆர்டி ரயில் நிலைய வாசல். நாங்கள் பன்னிரண்டு பேர், எங்களைத் தவிர எல்லாரும் வெள்ளைக்காரர்களும் பிலிப்பீன்ஸ்காரர்களும். வழிகாட்டி, அறுபது வயதைத் தாண்டிய ஒரு சீன ஆன்ட்டி. கையில் பழைய படங்கள் ஒட்டிய ஒரு கோப்பு, எங்கள் எல்லார் காதிலும் ஒரு இயர்போன். அவர் கேட்ட முதல் கேள்வியே என்னை மடக்கிவிட்டது. "நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் இங்கே நின்றிருந்தால் கடல் எவ்வளவு தூரத்தில் இருந்திருக்கும்?" ஒருவர் ஒரு கிலோமீட்டர் என்றார், இன்னொருவர் அரை என்றார். அந்த ஆன்ட்டி எங்கள் செருப்பைக் காட்டினார். தெலுக் ஆயர் தெருதான் அன்றைக்குக் கடற்கரை. 1879க்குப் பிறகு கடலைத் தூர்த்தார்கள். இன்றைக்கு எதிரே வரிசையாக அலுவலகக் கட்டடங்கள் நிற்கிற இடமெல்லாம் அப்போது தண்ணீர்.

இது தெரிந்த பிறகு அந்தத் தெருவைப் பார்த்தால் எல்லாம் வேறு மாதிரி புரிகிறது. ஒரே தெருவில், கூப்பிடு தூரத்தில், நாகூர் தர்கா, தியான் ஹொக் கெங் சீனக் கோயில், அல் அப்ரார் பள்ளிவாசல். தர்கா 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டியது. சீனக் கோயில் 1839இல் தொடங்கி 1842இல் முடிந்தது, அதற்கும் முன்னாலேயே அதே இடத்தில் சிறிய வழிபாட்டிடம் ஒன்று இருந்திருக்கிறது, உள்ளே கடலோடிகளைக் காக்கும் மாசூ தாய். அல் அப்ரார் 1827இல் வெறும் கூரைக் குடிசை, அதனால் நம் ஆட்கள் அதைக் 'குச்சுப் பள்ளி' என்றே சொல்லியிருக்கிறார்கள். குச்சு என்றால் குடிசை என்று அந்த ஆன்ட்டி ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருக்க, நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றும் ஏன் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன? இந்த இடத்தில்தான் பல வழிகாட்டிகள் நல்லிணக்கம், ஒற்றுமை என்று ஒரு நீண்ட உரை ஆற்றுவார்கள். எனக்கு நல்லிணக்கத்தின் மேல் ஒரு பகையும் கிடையாது, ஆனால் அந்தச் சொல்லைப் போட்டதும் கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது. இந்த ஆன்ட்டி வேறு மாதிரி சொன்னார். கப்பல் இங்கே வந்து நின்றது, உயிரோடு கரை சேர்ந்தவன் முதலில் நன்றி சொல்ல ஓர் இடம் தேடினான், சீனன் மாசூவிடம் போனான், நாகப்பட்டினம் பக்கத்துக்காரன் நாகூர் ஆண்டவரிடம் போனான், அவ்வளவுதான். அக்கா மகளுக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. எங்கள் அம்மா கந்தூரிக்கு நாகூர் போகாமல் இருந்ததே இல்லை. மதம் பார்த்துப் போனவர் இல்லை, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் நேர்ந்துகொள்வார். அந்தத் தர்காவின் முகப்பில் மேலே ஒரு குட்டி மாளிகை மாதிரி சின்னச் சின்னக் கதவும் சன்னலும் வைத்துச் செய்திருப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அந்தத் தெருவில் எத்தனையோ தடவை மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறேன், பார்த்ததில்லை.

அப்புறம் குரோஸ் ஸ்திரீட். அங்கே நிறுத்தி, "இந்தத் தெருவுக்குத் தமிழர்கள் வைத்திருந்த பெயர் என்ன?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கூட்டத்தில் தமிழ் முகம் எங்கள் இரண்டு பேருடையதுதான். நான் முழித்தேன். அவரே சொன்னார், பால்கடைச் சடக்கு. உச்சரிப்பு கொஞ்சம் அப்படி இப்படி இருந்தாலும் தெளிவாகவே சொன்னார். சடக்கு என்றால் ரோடு, மலாயாவில் பழைய ஆட்கள் சொல்வது, என் மாமனார்கூடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பால்காரர்கள் கடை போட்டிருந்த தெரு அது. இன்றைக்கு யார் கேட்டாலும் சைனாடவுன் என்று சொல்லிவிட்டுப் போகிற இடத்தில்!

அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில். 1827ஆம் வருடத்துக் கோயில், இங்குள்ள இந்துக் கோயில்களில் ஆகப் பழையது, இதெல்லாம் எனக்கே தெரியும். அது ஏன் சைனாடவுன் நடுவில் நிற்கிறது என்று மட்டும் நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. 1819இல் ராஃபிள்சோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளைக்கு முதலில் கோயிலுக்காகக் கொடுத்த இடம் தெலுக் ஆயரில். அங்கே நல்ல தண்ணீர் வசதி இல்லை. கோயிலுக்குத் தண்ணீர் இல்லாமல் எப்படி? பிறகு ஸ்டாம்ஃபர்ட் கால்வாய்ப் பக்கம் ஓர் இடம் கிடைத்தது, 1822இல் போட்ட நகரத் திட்டத்தில் அந்த நிலத்தை வேறு எதற்கோ ஒதுக்கிவிட்டார்கள். கடைசியில் 1823இல் கிடைத்ததுதான் இப்போதைய இடம். முதலில் மரமும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாகக் கட்டினார்கள். கப்பலிலிருந்து இறங்கி வேலை கிடைக்காதவர்கள் அங்கேயே தங்கியிருக்கிறார்கள். இந்தக் கோபுரத்தைப் பார்த்துத்தான் பக்கத்துத் தெருவுக்கு பகோடா ஸ்திரீட் என்றே பெயர். கொஞ்சம் தள்ளி ஜாமியா சூலியா பள்ளிவாசல், அது 1826இல் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கியது, மோஸ்க் ஸ்திரீட் என்ற பெயருக்கு அதுதான் காரணம். சைனாடவுனின் இரண்டு தெருக்களுக்கு நாம் பெயர் கொடுத்திருக்கிறோம்.

தண்ணீர்ப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். சைனாடவுனை மலாயில் கிரேத்தா ஆயர் என்பார்கள், தண்ணீர் வண்டி என்று அர்த்தம். சீனத்தில் சொல்லும் பெயருக்கும் மாட்டு வண்டித் தண்ணீர் என்றே பொருள். ஆன் சியாங் குன்றுப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து மாட்டு வண்டியில் தண்ணீர் ஏற்றி வந்து விற்றிருக்கிறார்கள். கொடுத்த பணத்துக்கு இந்த ஒரு விவரமே போதும் என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் நடை மார்க்கெட் ஸ்திரீட் பக்கம் முடிந்தது. அதற்கு அந்தக் காலத்தில் செட்டித் தெரு என்று பெயர். அங்கே கிட்டங்கிகள் இருந்தன. ஒரு கடைவீட்டுக்குள் பல செட்டியார்கள், ஆளுக்கு ஒரு மரப்பெட்டி, பெட்டி முன்னால் தரையில் உட்கார்ந்து வட்டித் தொழில். ஊரிலிருந்து வருகிற பையன் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகி, கணக்கு முடித்து ஊருக்குத் திரும்புவான். இன்றைக்கு அந்த இடத்தில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற கட்டடம், ஒரு கிட்டங்கியும் மிச்சமில்லை. அவர்கள் 1859இல் கட்டிய டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது, அதனால் தைப்பூசத்தன்றாவது அவர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

அடுத்த ஞாயிறு லிட்டில் இந்தியா நடை. இதை வேறு ஒருவர் நடத்தினார், எந்த நிறுவனம் என்று சொல்லமாட்டேன். பேச்சில் கெட்டிக்காரர். தேக்கா என்ற பெயர் தேக்கு மரத்திலிருந்து வந்தது என்று அடித்துச் சொன்னார். கேட்கத் தமிழாக இருந்ததால் நானும் தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து அக்கா மகள் தேடிப் பார்த்தால், அது ஹொக்கியன் சொல், தெக் கியா கா, சின்ன மூங்கிலின் அடிவாரம். ரோச்சோர் கால்வாய்க் கரையில் மூங்கில் வளர்ந்திருக்கிறது. நம் வட்டாரம் என்று நாம் மார்தட்டுகிற இடத்தின் பெயர் சீனம், அங்கே இருந்த கேகே ஆஸ்பத்திரியின் பெயர் மலாய். ஆமாம், கேகே என்றால் கண்டாங் கெர்பாவ், எருமைத் தொழுவம். இங்கே தண்ணீரும் புல்லும் இருந்ததால் மாட்டு வியாபாரம் வந்தது, பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் அதன் பெயர்தான். பெலிலியோஸ் லேன் இருக்கிறதே, அது கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு யூத மாட்டு வியாபாரியின் பெயர். மாடு வந்தால் பால், தோல், வண்டி எல்லாம் வரும், அந்த வேலைகளுக்கு நம் ஆட்கள் வந்தார்கள். இதைச் சொல்லாமல் பூக்கடையையும் மசாலா வாசனையையும் காட்டினால் அது சுற்றுலா, அவ்வளவுதான்.

கெர்பாவ் ரோட்டில் எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொள்கிற வண்ண வண்ண வீடு 1900இல் டான் தெங் நியா என்ற சீன வணிகர் கட்டியது. மிட்டாய்த் தொழிற்சாலை வைத்திருந்தவர், கரும்புச் சக்கையை எரித்து ரப்பர் புகைபோடவும் செய்திருக்கிறார். லிட்டில் இந்தியாவில் மிஞ்சியிருக்கிற கடைசிச் சீன மாளிகை அது. டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல், வாசலுக்கு மேலே சூரியன் மாதிரி இருபத்தைந்து கதிர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நபியின் பெயர் அரபியில். ஞாயிறு என்பதால் தெரு முழுக்க நம் தம்பிகள், சிம் கார்டு வாங்கவும் ஊருக்குப் பணம் அனுப்பவும் வரிசை. வழிகாட்டி அவர்களை அவசரமாகக் கடந்து போனார். எனக்கு அது பிடிக்கவில்லை. இருநூறு வருடமாக இந்த ஊரில் நடக்கிற கதை அந்த வரிசையிலும்தான் நின்றுகொண்டிருந்தது.

கம்போங் கிளாம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது, பாதி நேரம் அரபு ஸ்திரீட் ஐந்தடிப் பாதையில் ஒதுங்கி நின்றோம். கிளாம் என்பது ஒரு மரம், அதன் பட்டையைப் படகு இடுக்குகளில் அடைப்பார்களாம், பட்டறைக்காரன் எனக்கு அது உடனே பிடித்துவிட்டது. சுல்தான் பள்ளிவாசலின் தங்கக் குவிமாடத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு வளையம் தெரியும், நெருங்கிப் பாருங்கள், அத்தனையும் கண்ணாடிப் பாட்டிலின் அடிப்பாகம். பணம் கொடுக்க முடியாதவர்கள் பாட்டில் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். மழை விட்டதும் முர்தபா சாப்பிட்டோம்.

நான் சொல்ல நினைத்து வைத்திருந்தது கடைசியாக ஒன்று. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை 1856இலிருந்து 1861 வரை கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கைதிகள். உள்ளே சுவர்ப்பூச்சுக்குப் பெயரே மெட்ராஸ் சுண்ணம். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறவைத்த தண்ணீர், எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவது. காரைக்குடிப் பக்கம் வீட்டுச் சுவரில் முகம் பார்க்கலாம் என்பார்களே, அதே கைவேலை. வெள்ளைக்காரர்களின் தேவாலயத்தில்!

சுண்ணாம்பு எங்கே சுட்டார்கள் என்று தேடினால் திரும்பவும் சிராங்கூன் சாலைக்கே வரவேண்டியிருக்கிறது. அங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்திருக்கின்றன. அந்தச் சுண்ணாம்புதான் தேவாலயத்துக்குப் போனது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்துக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் சுண்ணாம்புக் கம்பம். கம்பம் என்றால் தூண் இல்லை, மலாயில் கம்போங், கிராமம். வீரமாகாளியம்மன் கோயிலையே சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

போன மாதம் அந்தக் கோயிலுக்கு எதிரே வெற்றிலை வாங்கப் போனேன். கடையில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு எண்பது வயதிருக்கும். "ஐயா, சுண்ணாம்புக் கம்பம் எங்கே இருக்கிறது?" என்று சும்மா கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எங்க ஆத்தாவுக்கு அப்புறம் இந்தப் பேரை இன்னைக்குத்தான் கேக்குறேன்" என்றார். பக்கத்திலிருந்த ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார்.