ஜாடி அரசனுடையது, கை யாருடையது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியை ஆண்ட இன்காக்கள் போன இடமெல்லாம் உள்ளூர் மட்பாண்ட மரபு அழிந்தது என்று எதிரணி நண்பர் அடித்துச் சொல்லிவிட்டுப் போனார். அழியவில்லை என்கிறது எங்கள் அணி.

அவர் பெரிதாகக் காட்டிய சாட்சி அரிபாலோ ஜாடி. கூம்பிய அடி, நீண்ட கழுத்து, பக்கத்துக்கு ஒரு காது, தோளில் ஒரு குமிழ். அதில் கயிற்றைக் கோத்து முதுகில் சுமப்பார்கள்; உள்ளே சிச்சா என்கிற மக்காச்சோள மது. எக்குவடோரிலிருந்து சிலி வரை இந்த ஜாடி கிடைக்கிறது, சரி. செய்தது யார்?

பெருவின் வடகடலோரத்தில் இருந்த சிமூ அரசு 1470 வாக்கில் இன்காக்களிடம் வீழ்ந்தது. அங்கத்திய குயவர்கள் அச்சில் மண்ணை அழுத்தி உரு எடுப்பார்கள். சூளையில் காற்றை அடைத்து, புகையிலேயே கறுக்க வைத்துச் சுடுவார்கள். புது அரசன் அரிபாலோ கேட்டான். செய்தார்கள், ஐயா! அதே அச்சில், அதே கறுப்பில். இன்காத் தலைநகர் கூஸ்கோவில் வண்ணக்கோலம் தீட்டிய ஜாடி, இங்கே கரிய மினுமினுப்போடு வந்து நின்றது. அதைப் படத்தில் பார்த்தாலும் சிமூ கை என்று சொல்லிவிடலாம்.

குயவர்களைக் குடும்பத்தோடு பெயர்த்து தித்திகாகா ஏரிப்பக்கம் மில்லிராயாவில் குடியேற்றினார்களே என்றார் எதிரணி நண்பர். உண்மை. அது கொடுமைதான், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் ஊரில் மிஞ்சியவர்கள்? வானுகோ பாம்பா என்ற அரசு நகரில் தோண்டினால் எங்கும் இன்காப் பாண்டம்தான். சுற்றுக் கிராமங்களில் அது மிகக் குறைவு. அரசு விருந்துக்கு இன்கா ஜாடி. வீட்டு அடுப்புக்கு ஊர்ப் பானை.

அப்புறம் பெருவின் தென்கடலோரத்து இக்கா பள்ளத்தாக்கு. நடுவர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இன்கா ஆட்சியில் அங்கேயும் இன்கா வடிவங்கள் புகுந்தன. 1532இல் ஸ்பானியர்கள் இன்கா அரசன் அதாவால்பாவைச் சிறைபிடித்தார்கள், பேரரசு சரிந்தது. உடனே இக்கா குயவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இன்கா வடிவங்களை ஒதுக்கிவிட்டு, இன்கா படையெடுப்புக்கு முந்திய தங்கள் பழைய வடிவங்களையும் கோலங்களையும் திரும்ப எடுத்தார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்த அப்போது எந்த இன்காவும் இல்லை. செத்துப்போன மரபை எந்தக் குயவர் இப்படி எடுத்து வனைய முடியும்? எதிரணி இதற்குப் பதில் சொல்லட்டும்.