99 வீதம் சரி என்று சொல்லும் கருவி

நேயர்களுக்கு வணக்கம். இயந்திரக் கற்றலை மருத்துவத்திலும் பொறியியலிலும் எப்படிப் பாவிக்கிறார்கள் என்று கதைக்கும்படி நிலையத்தார் கேட்டார்கள். நான் கணினிக்காரன் இல்லை. அளவீட்டுக் கருவிகளைப் பற்றிப் படிப்பித்தவன். வோல்ட்மானி, அமுக்கமானி, வெப்பமானி என்றே காலம் போனது. ஒரு கருவி ‘இருக்கு’ என்றால் உண்மையிலேயே இருக்கிறதா, ‘இல்லை’ என்றால் உண்மையிலேயே இல்லையா என்பதுதான் எனக்கு எப்போதும் பிடித்த கேள்வி. இன்றைக்கும் அதையேதான் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்வியை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் வன்னியில் இருக்கிறார்கள். மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போன ஒரு தங்கச்சியோ அண்ணனோ உங்கள் ஒழுங்கையிலேயே இருக்கக்கூடும். முகமாலைப் பக்கம் அந்த வேலை செய்த ஒரு பிள்ளை எனக்கு விளங்கப்படுத்தினார். முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, உடம்புக்குக் கனத்த கவசம். வெயிலில் முழங்காலில் இருந்தபடி கருவியை மண்ணுக்குக் கிட்டவாகப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டு போக வேண்டும். கீச்சென்று சத்தம் வந்தால் நிறுத்தி, அடையாளம் வைத்து, அந்த இடத்துக்குச் சற்று முன்னாலிருந்தே மண்ணைப் பக்கவாட்டில் சுரண்டிச் சுரண்டிப் போக வேண்டும். பார்த்தால் துருப்பிடித்த ஆணி. அடுத்த சத்தம் துவக்குச் சன்னத்தின் கோது. அதற்கடுத்தது மீன் ரின் மூடி, பிறகு ஷெல் துண்டு. ஒவ்வொன்றுக்கும் அதே கவனம், அதே நேரம். “ஆணிதான் எண்டு நினைச்சுக் கை வைக்கேலாது ஐயா” என்றார்.

கருவியின் கூர்மையைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் ஆணிக்கெல்லாம் கத்தாதே என்று கேட்டேன். அவர் சிரித்தார். சில மிதிவெடிகளின் உடம்பு பிளாஸ்ரிக். உள்ளே இருக்கும் உலோகம் துளிதான். ஆணியை மறக்கச் சொல்லிக் கூர்மையைக் குறைத்தால், கருவி இதையும் சேர்த்து மறந்துவிடும். அதனால் அவர்கள் கூர்மையைக் கூட்டியே வைத்திருப்பார்கள். உலோகத் துண்டுகள் மண்ணோடு மண்ணாய்க் கிடந்த இடங்களில் கருவியால் பயனே இல்லை. அப்படியான இடங்களில் வாரியால் மண்ணை அடுக்கடுக்காக வழித்துத் தேடும் முறையையும் இங்கே பாவித்தார்கள்.

நான் சொல்ல வந்தது முழுக்க இதற்குள்ளேயே இருக்கிறது. கண்டுபிடிக்கும் எந்தக் கருவியும் இரண்டு விதமாகப் பிழை விடும். இருக்கிறதைத் தவறவிடும், அல்லது இல்லாததற்குச் சத்தம் போடும். முதலாவதைத் தவறவிடுதல் என்றும் இரண்டாவதை வீண் சத்தம் என்றும் வைத்துக்கொள்வோம். ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றது கூடும். எதைக் கூடப் பொறுத்துக்கொள்வது என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை. மிதிவெடி வயலில் ஆயிரம் வீண் சத்தத்தைப் பொறுக்கலாம், ஒன்றைத் தவறவிட முடியாது. இதைத் தீர்மானித்தது காலை இழக்கக்கூடிய மனிசர்.

சரி, இயந்திரக் கற்றலுக்கு வருவோம். பழைய முறையில் கணினிக்கு விதி எழுதிக் கொடுப்போம்: இப்படி இருந்தால் இது, அப்படி இருந்தால் அது. கற்கும் இயந்திரத்துக்கு விதி கொடுப்பதில்லை. விடை தெரிந்த உதாரணங்களை ஆயிரக்கணக்கில் கொடுப்போம். ஒவ்வொரு முறை பிழை விடும்போதும் அது தன் உள்ளே இருக்கும் எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்ளும். திருத்தித் திருத்தி ஒரு கட்டத்தில் புதிய படத்தைக் காட்டினாலும் பெரும்பாலும் சரியாகச் சொல்லும். அவ்வளவுதான் சங்கதி.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் சீனி வருத்தம். வருத்தம் நாட்பட்டால் கண்ணின் பின்சுவரில் இருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும். பார்வை மங்கும்வரை ஆளுக்குத் தெரியாது. அந்தப் பின்சுவரைப் படம் எடுத்துப் பார்த்தால் முன்கூட்டியே பிடிக்கலாம். ஆனால் பார்க்கக் கண் வைத்தியர் வேண்டும், அவருக்கு நேரம் வேண்டும். கூகுள் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2016 இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 1,28,000 கண் படங்கள். 54 கண் வைத்தியர்கள் தரம் பிரித்தார்கள். ஒரே படத்தை மூன்று பேராவது, சில வேளை ஏழு பேர் வரை பார்த்தார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் அதில் பங்குகொண்டன.

அவர்கள் ஒரு முடிவை அல்ல, இரண்டு முடிவுகளைச் சொன்னார்கள். கருவியைக் கூர்மையாக வைத்தால் வருத்தம் உள்ள நூறு பேரில் 97 அல்லது 98 பேரைப் பிடிக்கும். ஆனால் நலமாக இருக்கும் நூறு பேரில் ஆறேழு பேருக்கு வீணாகச் சத்தம் போடும். கூர்மையைக் குறைத்தால் வீண் சத்தம் இரண்டாகக் குறையும், ஆனால் வருத்தக்காரரில் பத்துப் பேரளவில் தவறிப்போவார்கள். முகமாலைப் பிள்ளை சொன்ன அதே கதை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கொப்பி எடுக்க வேண்டாம், மனதிலேயே போடலாம். கூர்மையாக வைத்த அந்தக் கருவியை ஒரு சீனிக் கிளினிக்கில் வைக்கிறோம். ஆயிரம் பேர் வருகிறார்கள், நூறு பேருக்குக் கண்ணில் பாதிப்பு என்று வைத்துக்கொள்வோம். கருவி 97 பேரைச் சரியாகப் பிடிக்கும். நலமான 900 பேரில் அறுபது பேருக்கு வீணாகக் கத்தும். பரவாயில்லை, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவதில் பாதிக்கு மேல் உண்மையானது. அதே கருவியை, ஒரு திருகாணியையும் தொடாமல், சந்தைக்கு வருகிற ஆயிரம் பேருக்கு வைப்போம். அவர்களில் ஒரே ஒருவருக்குத்தான் பாதிப்பு என்றால், அந்த ஒருவரோடு சேர்ந்து இன்னும் 66 பேர் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய், வரிசையில் நின்று, ஒன்றுமில்லை என்று கேட்டுவிட்டுத் திரும்புவார்கள். கருவி மாறவில்லை, வைத்த இடம் மாறியது.

மலேரியாவை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் வன்னியில் காய்ச்சல் என்றால் முதலில் இரத்தம் குத்திப் பார்ப்பார்கள். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. கண்ணாடித் தட்டில் பூசிய இரத்தத்தைப் பார்த்து மலேரியா சொல்லும் கணினி இப்போது உண்டு. அதை இன்று இங்கே காய்ச்சல்காரர் எல்லோருக்கும் பாவித்தால், கேட்கிற சத்தத்தில் கிட்டத்தட்ட எல்லாமே வீண் சத்தமாகத்தான் இருக்கும். ஆகையால் ‘99 வீதம் சரி’ என்று யாராவது விளம்பரம் செய்தால் எனக்கு அரைவாசிச் செய்திதான் கிடைத்திருக்கிறது. எங்கே, யாருக்கு, எந்தப் பிழை? இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று வீட்டில் ஏச்சு விழும், ஆனாலும் சொல்வேன்.

அந்தக் கண் கருவியைப் பிறகு தாய்லாந்தில் கிளினிக்குகளுக்குக் கொண்டு போனார்கள். 2020 இல் வந்த அறிக்கையைப் படித்தால் நம் ஊர் ஆஸ்பத்திரி ஒன்றைப் பற்றி எழுதியதோ என்று தோன்றும். படம் எடுக்க இருட்டறை வேண்டும், எல்லாக் கிளினிக்கிலும் அதற்கு அறை இல்லை. தாதிமார் எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றைத் தெளிவில்லை என்று இயந்திரம் திருப்பிவிட்டது. இணையம் மெதுவாக இருந்த இடங்களில் வரிசை நீண்டது. ஆய்வுகூடத்தில் கெட்டித்தனமாக இருந்தது பிழையாகிவிடவில்லை, இருட்டறையும் நல்ல இணையமும் இல்லாத இடத்தில் அது படம் பார்க்கவே தொடங்கவில்லை.

இன்னொரு கதை. எனக்கு மிகவும் பிடித்தது. 1990களில் அமெரிக்காவில் நியூமோனியா நோயாளிகளின் பதிவுகளை இயந்திரங்களுக்குக் கொடுத்தார்கள். யார் இறக்கும் ஆபத்தில் இருக்கிறார், யாரை மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொல்ல வேண்டும். ரிச் கருவானா என்ற ஆய்வாளர் பயிற்றுவித்த நரம்பு வலையமைப்பு, அதாவது உள்ளே இருக்கும் எண்களைத் திருத்தித் திருத்திக் கற்கும் வகை, மிகத் திறமாகச் செய்தது. அதே பதிவுகளைப் படித்த இன்னொரு முறை, தான் கற்றதை விதியாகவே எழுதிக் காட்டும் வகை. அதில் ஒரு விதி: தொய்வு வருத்தம் உள்ளவருக்கு நியூமோனியா வந்தால் இறக்கும் ஆபத்துக் குறைவு.

தொய்வுக்காரர் வீட்டில் இருக்கும் எவரும் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள். மாரியில் இரவிரவாக முட்டு இழுக்கும்போது பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் இயந்திரம் பொய் சொல்லவில்லை. பதிவுகளில் அப்படித்தான் இருந்தது. ஏன் என்று கேட்டால், தொய்வுக்காரர் நியூமோனியாவோடு வந்தால் வைத்தியர்கள் பயந்து நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். நல்ல கவனிப்புக் கிடைத்ததால் பிழைத்தார்கள். இயந்திரத்துக்குத் தெரிந்தது முடிவு மட்டும், நடுவில் நடந்த ஓட்டம் தெரியாது. அதை நம்பி அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால்? கருவானாவும் கூட இருந்தவர்களும் அந்தத் திறமான வலையமைப்பை நோயாளிகளிடம் பாவிக்கவில்லை. திறம் குறைந்த, ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கக்கூடிய எளிய முறையைத் தெரிந்தெடுத்தார்கள். விதி எழுதாத வலையமைப்பின் உள்ளே இதைப்போல வேறென்ன ஒளிந்திருக்கிறது என்று தெரியாதே என்பதுதான் காரணம்.

பொறியியல் பக்கமும் கொஞ்சம் போவோம். பரந்தன் பக்கம் ஒரு நெல்லு மில்காரரை எனக்குத் தெரியும். பெயாரிங் பழுதாகப் போகிறதா என்று பார்க்க நீளமான ஸ்குரூட்ரைவர் ஒன்றின் நுனியைப் பெயாரிங் கூட்டில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். பெயாரிங் வளையத்தில் சிறு குழி விழுந்தால், குண்டு ஒவ்வொன்றும் அதைத் தாண்டும்போது ஒரு தட்டு. தண்டு எத்தனை முறை சுற்றுகிறது, எத்தனை குண்டு, குண்டும் வளையமும் என்ன அளவு என்று தெரிந்தால் அந்தத் தட்டு விநாடிக்கு எத்தனை முறை வரும் என்று கணக்கே போடலாம். அதிர்வுமானி ஒன்றை ஒட்டிக் கணினியிடம் கொடுத்தால் அது செய்வதும் இதுதான்.

இதற்கென்று உலகமெங்கும் மாணவர்கள் பாவிக்கும் ஒரு பதிவுத் தொகுதி, அமெரிக்காவின் கேஸ் வெஸ்ரேண் றிசேர்வ் பல்கலைக்கழகம் கொடுத்தது. பெயாரிங்கில் மின்பொறியால் வேண்டுமென்றே குழி போட்டுப் பதிந்தார்கள். குழியின் அகலம் அங்குலத்தின் ஆயிரத்தில் 7, 14, 21 பங்கு என்றவாறு. அதை வைத்து 99 வீதம், நூறு வீதம் என்று முடிவு காட்டிய கட்டுரைகள் ஏராளம். பல இடங்களில் ஒரே பதிவைத் துண்டு துண்டாக வெட்டி, சில துண்டுகளில் படிப்பித்து மற்றத் துண்டுகளில் சோதித்திருக்கிறார்கள். வாத்தியார் முதல்நாள் செய்து காட்டிய கணக்கே சோதனைக்கு வந்த மாதிரி. உமித் தூசும், தளர்ந்த பெல்ற்றும், ஏறி இறங்கும் மின்சாரமும் உள்ள மில்லில் அந்த 99 நிற்காது.

நான் மில்காரரிடம் கேட்டேன், எந்தப் பழுதுக்கு எந்தச் சத்தம் என்று எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று. “எனக்கு அது தெரியாது. என்ரை மில்லின்ரை சத்தம் தெரியும். அது மாறினால் நிப்பாட்டுவன்” என்றார். வேறு ஒருவரின் மில்லில் தன்னால் முதல் நாளே சொல்ல முடியாது என்றும் சொன்னார். இன்றைக்குப் பொறியியலில் பெருமளவு நடப்பது இதுதான். எவரும் சோதனைக்காகத் தங்கள் இயந்திரத்தை உடைய விடுவதில்லை, ஆகவே பழுதின் உதாரணங்கள் எப்போதும் பஞ்சம். நலமாக ஓடும் சத்தம் வேண்டிய மட்டும் கிடைக்கும். அதைப் படிப்பித்து, விலகினால் கத்தச் சொல்வது. அந்தந்த இயந்திரத்தோடு கொஞ்சக் காலம் கூட இருந்து கற்க வேண்டும். மில்காரர் அதைத்தான் செய்கிறார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். குளத்தைப் பற்றித்தான் கடைசியாக விரிவாகச் சொல்ல இருந்தேன். சுருக்கிச் சொல்கிறேன். இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் இப்போது இருப்பதைக் கண்டுபிடிப்பது. மழையும் வெள்ளமும் இனி வரப்போவதைச் சொல்வது. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த இரவை கிளிநொச்சியில் எவரும் மறக்கவில்லை. அப்படியான மழை எப்போதாவதுதான் வரும், ஆகவே இயந்திரம் படிப்பதற்கு உதாரணம் மிகக் குறைவு. போதாததற்கு யுத்த காலத்தில் இங்கே பல மழைப் பதிவுகள் இடையில் அறுந்துபோயின. வீண் சத்தமும் உண்டு. ஒருமுறை வெள்ளம் வரும் என்று எழுப்பி ஏற்றி, அது வராமல் போனால், மற்றமுறை எழுப்பினாலும் ஆட்கள் வரமாட்டார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பழைய கமக்கார அமைப்பின் கொப்பியிலோ, பள்ளிக்கூடத்து மழைமானிப் பதிவிலோ, ஐயாவின் நாட்குறிப்பிலோ, எந்தத் திகதி எவ்வளவு மழை, குளம் எத்தனை அடி என்று எழுதியிருந்தால், கறையான் அரித்திருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். திகதி தெரியும்படி கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன, அங்கே படிக்கிற பிள்ளைகளின் ஆய்வுக்கு அது உதவும். 1980களுக்கும் 2009க்கும் இடைப்பட்ட ஆண்டுகள் என்றால் இன்னும் நல்லது. தம்பி கையை உயர்த்திவிட்டார். வணக்கம்.