முற்றத்துக்கு ஏற்ற கோழி எது?

நேயர்களுக்கு வணக்கம்.

2023-இல் பறவைக் காய்ச்சல் வந்து, தென்னாப்பிரிக்கக் கடைகளில் முட்டைக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது நினைவிருக்கும். அதன் பிறகு டர்பன் வட்டாரத்துச் சாட்ஸ்வொர்த், டொங்காட் பக்கம் வீட்டுக்குப் பின்னால் நாலு கோழி வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது முட்டைக் கணக்கு. கோழியின் குணத்தை யாரும் கேட்பதில்லை. நானோ குணத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

முட்டை மட்டும் போதும் என்றால் லோமன் பிரவுன், ஹைலைன் பிரவுன் போன்ற கலப்பினங்களை மிஞ்ச ஆளில்லை. ஐந்து மாதத்துக்குள் இடத் தொடங்கி, நல்ல தீவனம் கிடைத்தால் வருஷத்துக்கு 300 முட்டை தாண்டும். சாதுவும்கூட, குழந்தைகள் தூக்கினால் பேசாமல் இருக்கும். ஆனால் அடை படுக்காது. அதன் குஞ்சுகளுக்குத் தாயின் திறமை அப்படியே வராது. இரண்டு வருஷத்துக்குமேல் முட்டை குறைந்துகொண்டே போகும். ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். கிளிஞ்சல் தூள் வைக்காவிட்டால் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். தினமும் முட்டை தரும் உயிரை அப்படி வதைக்கலாமா?

வெள்ளை லெகார்னும் நிறைய இடும். ஆனால் பயந்த சுபாவம். நாய் குரைத்தாலே வேலி தாண்டும். நெருக்கமான வீடுகளுக்கு நான் சொல்லமாட்டேன்.

எனக்குப் பிடித்தது நம் நாட்டிலேயே உருவான பொச்சஃப்ஸ்ட்ரூம் கூக்கூக். 1950-களில் பொச்சஃப்ஸ்ட்ரூம் வேளாண் கல்லூரியில் கறுப்பு ஆஸ்ட்ரலார்ப், வெள்ளை லெகார்ன், வரி பிளைமவுத் ராக் மூன்றையும் கலந்து எடுத்தார்கள். கறுப்பு வெள்ளை வரி, பழுப்பு முட்டை. கலப்பினத்தைவிட முட்டை குறைவுதான். ஆனால் அமைதியானது, முற்றத்தில் மேய்ந்தே பாதி வயிற்றை நிரப்பிக்கொள்ளும், இனம் மாறாமல் குஞ்சு தரும்.

கூக்கூக் பெட்டையை ரோட் ஐலண்ட் ரெட் சேவலோடு விட்டுப் பாருங்கள். பொரிந்த அன்றே கறுத்த தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல் குஞ்சு, இல்லாவிட்டால் பெட்டை. வரி நிறத்தைத் தாய் தன் ஆண் குஞ்சுகளுக்கு மட்டுமே கொடுப்பதால் இப்படி. பக்கத்து வீட்டுக்காரர் தூக்கம் கெடாமல் இருக்க, சேவல்களை முதலிலேயே பிரித்துவிட இது பெரிய உதவி.

அப்புறம் வெண்டா கோழி. முட்டை குறைவு, ஆனால் நல்ல அடைக்கோழி. அடையில் இருக்கும்போது கையை நீட்டினால் சிலிர்த்து, தரையோடு தரையாகப் பரந்து, உறுமுவதுபோல் ஒரு சத்தம் போடும். அதைக் கோபம் என்று விரட்டாதீர்கள், முட்டையைக் காக்கத்தான் அப்படிச் செய்கிறது. இன்குபேட்டர் இல்லாத வீட்டில் கூக்கூக் முட்டையையும் அதன் அடியிலேயே வைத்துப் பொரிக்கலாம்.

ஓவாம்போ முரட்டுக் கோழி. மரத்தில் ஏறித் தூங்கும், சுண்டெலியைக்கூடப் பிடித்துத் தின்னும். தோட்டம் பெரிதாக இருப்பவர்களுக்குச் சரி. அதைச் சாதுவான பிரவுன் கோழிகளோடு ஒரே கூண்டில் அடைக்க வேண்டாம். தீவனத் தட்டை அண்டவிடாமல் கொத்தும், இளைத்த கோழி முட்டையை நிறுத்திவிடும். ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்தால், முதல் தட்டில் தின்னும் கோழிக்குத் தெரியாத இடத்தில் இரண்டாவது தீவனத் தட்டும் தண்ணீரும் இன்றைக்கே வையுங்கள்.